மை போடாத கோடு

அவளிடம் மணி கேட்டால் முதலில் தன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பாள். பிறகு சுவரில் மாட்டியிருப்பதைப் பார்ப்பாள். இரண்டும் ஒத்துப்போனால்தான் வாயைத் திறப்பாள். ஒத்துப்போகாவிட்டால், "சரியாத் தெரியலட்டி" என்பாள். பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவள் கேட்டாலும் அதே பதில்தான். அந்தக் கைக்கடிகாரத்தைப் பிடுங்கித் தரையில் அடிக்கலாம்போல எனக்கு இருக்கும்.

இப்படி ஒருத்தியைப் பற்றி எதற்கு எழுதுகிறாய் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். பொறாமையில்தான் எழுதுகிறேன். நாற்பதை நெருங்கியாயிற்று, இனிமேல் அதை மூடி மறைத்து என்ன ஆகப்போகிறது? அவள் என்னைவிட மார்க் குறைவாக வாங்கியவள். என்னைவிட மெதுவாகக் கணக்குப் போடுகிறவள். ஆங்கிலம் என்னைவிடச் சுமாராகத்தான் பேசுவாள். இன்றைக்கு அவள் இருக்கும் இடத்தில் அவள் இருக்கிறாள், நான் கோவில்பட்டியில் ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறேன். அவள் கொண்டுபோனதெல்லாம் ஒரே ஒரு வார்த்தை. "தெரியல."

நாங்கள் இரண்டு பேரும் கோவில்பட்டியில் ஒரே கல்லூரியில் எம்.எஸ்சி. படித்தோம். நான் பசுவந்தனைப் பக்கம். மழைக்காலத்தில் கரிசல் மண் செருப்பில் அப்பிக்கொண்டு, காலைத் தூக்க முடியாமல், செருப்பைக் கையில் பிடித்தபடி பஸ் ஏறுவேன். அவள் டவுன்காரி. அவள் அப்பாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸ் இருந்தது. எங்கள் பக்கத்தில் யாரும் தொழிற்சாலை என்று சொல்லமாட்டார்கள், ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். ஸ்கூட்டியில் வந்து இறங்குவாள். தலை நிறைய எண்ணெய், வாயில் எப்போதும் ஒரு பென்சில். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும் தன் வெஞ்சனத்தில், பொரியலோ கூட்டோ, பாதியை என் சோற்றில் தள்ளிவிடுவாள். வேண்டுமா என்று கேட்கவும் மாட்டாள். நல்ல மனசுதான். அதற்காக எனக்கு அவளைப் பிடிக்கவேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை.

ஆய்வகத்தில் எங்களுக்கு ஒரு செய்முறை உண்டு. ஒரு உலோகத் துண்டில் மின்பொறி ஏற்றி எரிய விடுவோம். அந்த ஒளியைப் பிரித்துப் பார்த்தால் மெல்லிய கோடுகளாக நிற்கும். ஒவ்வொரு தனிமத்துக்கும் அதன் கோடுகள் அதனதன் இடத்தில் வரும், ஆளுக்குக் கைரேகை மாதிரி. அந்த இடங்களை உலகம் முழுக்க ஆய்வகங்களில் அளந்து அட்டவணையாகப் போட்டுவைத்திருக்கிறார்கள். நாங்கள் எடுத்த கோடுகளை அட்டவணையோடு ஒத்துப்பார்த்து, இது செம்பு, இது துத்தநாகம் என்று எழுதவேண்டும். எங்கள் துண்டு பித்தளை. பச்சையில் செம்புக் கோடுகள், நீலத்தில் துத்தநாகக் கோடுகள். பெரிய கோடுகள் எல்லாருக்கும் வந்துவிடும். சின்னச் சின்னதாக மங்கலாகச் சில கோடுகள் நிற்கும். அதற்கெல்லாம் முந்தின வருஷத்து அக்காமார் என்ன எழுதினார்களோ அதை எழுதிவிட்டுப் போவதுதான் வழக்கம். நானும் அப்படித்தான் எழுதினேன். அவள் இரண்டு இடங்களைக் காலியாக விட்டாள்.

தேர்வன்று வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் அவள் தாளில் விரலை வைத்தார்.

"ஏம்மா, இந்த ரெண்டு இடம் ஏன் காலியா இருக்கு?"

"எதுன்னு தெரியல சார்."

"அட்டவணையில பக்கத்துல எது இருக்கோ அதைப் போடவேண்டியதுதான?"

"பக்கத்துல மூணு இருக்கு சார். ஈயம், இரும்பு, நிக்கல் மூணுமே வருது. ஆனா எதுக்கும் துணைக்கோடு கண்ணுல படல."

"மத்த பிள்ளைங்க எல்லாம் எழுதியிருக்காங்களே?"

"அவியளுக்குத் தெரிஞ்சிருக்கும் சார்."

நாங்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றோம். அவர் மார்க்கைக் குறைத்தார். நான் முதல், அவள் இரண்டாவது. எனக்குச் சந்தோஷம். ஆனால் அந்த மனிதர் சாயங்காலம் ஊருக்குக் கிளம்புகிறபோது எங்கள் துறைத்தலைவரிடம் கேட்டது என்னைப் பற்றி இல்லை. "அந்தக் காலியா விட்ட பிள்ளை யாரு, எந்த ஊரு?" என்று கேட்டுவிட்டுப் போனார். முதல் மார்க் வாங்கியவளை எந்த ஊர் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

துணைக்கோடு என்று சொன்னாளே, அதுதான் அவளுக்கு வேதம். ஒரு தனிமம் இருந்தால் அது ஒரே ஒரு கோட்டோடு வராது. சோடியத்தை எடுத்துக்கொண்டால் மஞ்சளில் இரண்டு கோடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும். ஒன்று வந்தால் இன்னொன்றும் வரவேண்டும். வருவதும் சரியான கனத்தில் வரவேண்டும். ஒரு கோட்டை மட்டும் பார்த்துப் பெயர் வைக்கக் கூடாது என்பாள். கோட்டோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. மனுஷருக்கும் அதையே வைத்துக்கொண்டாள்.

எங்கள் வகுப்பில் புதூரிலிருந்து வந்துபோகிற ஒருத்தி இருந்தாள். அவளை ஒருநாள் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பையனோடு பைக்கில் பார்த்தோம். போதாதா? மத்தியானச் சாப்பாடு முழுக்க அந்தப் பேச்சுத்தான். இவள் மட்டும் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ என்னட்டி சொல்லுத?" என்று கேட்டேன்.

"ஒரு தடவதான பாத்திய. அண்ணனா இருக்கலாம். மாமன் மகனா இருக்கலாம். என்னத்த வச்சுச் சொல்ல?"

"அண்ணன் இடுப்பையா பிடிச்சிக்கிட்டுப் போவா?"

"பைக் வேகமாப் போயிருக்கும்."

எல்லாரும் அவளைக் கேலி பண்ணினோம். பரீட்சை முடிந்த கையோடு அந்தப் புதூர்க்காரி அதே பையனோடு ஓடிப்போய்க் கல்யாணம் பண்ணிக்கொண்டாள். நான் ஆசையாக இவளிடம் ஓடினேன்.

"பாத்தியா? அன்னைக்கே சொன்னேம்லா?"

அவள் பென்சிலை வாயிலிருந்து எடுத்தாள். "நீ சொன்னது சரியாப் போச்சு. ஆனா அன்னைக்கு உனக்குத் தெரியாதுல்லா?"

ஜெயித்தது நான். ஆனால் வீட்டுக்குப் போகிறவரை தோற்றவள் மாதிரி உணர்ந்தேன். இதை எப்படிச் செய்வாள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அவளைப் பெண் பார்க்க வந்த கதை இதைவிட மோசம். மாப்பிள்ளை சாத்தூர்ப் பக்கம், நல்ல வேலை, பார்க்கவும் நன்றாக இருந்தார். நானும் அவள் வீட்டில்தான் இருந்தேன். அவர்கள் காபி குடித்துவிட்டு வாசல் பந்தலில் உட்கார்ந்திருக்கிறார்கள். உள்ளே அவள் அம்மா கேட்கிறார், "ஏட்டி, பிடிச்சிருக்கா, இல்லியா?"

"தெரியலம்மா."

"தெரியலையா? கண்ணு இருக்குல்லா? பாத்தல்லா?"

"ஒரு காபி குடிக்குத நேரம்தான பாத்தேன். அதுக்குள்ள அவிய எப்படின்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"நான் உங்கப்பாவ அதுகூடப் பாக்கல! கழுத்த நீட்டல?"

"அதான் இப்பவும் ரெண்டு பேரும் சண்ட போடுதிய."

அவள் அம்மா கையை ஓங்கினார். அதற்குள் அவள் அப்பா வந்துவிட்டார். மனுஷர் என்ன செய்தார் தெரியுமா? சிரித்தார். வெளியே போய், "பிள்ளை கொஞ்சம் யோசிக்கணும்ங்கா. நீங்க தப்பா நெனைக்கப்பிடாது" என்று சொல்லிவிட்டு வந்தார். அவர்களும் காத்திருந்தார்கள். மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். அவள் அந்த மனுஷரோடு போனில் பேசி, கடையில் பார்த்து, கோவிலில் பார்த்து, கடைசியில் சரி என்றாள். இன்றைக்கு வெளிநாட்டில் அவளுக்குச் சமைத்துப்போடுகிறவர் அவர்தான்.

நான் என் வீட்டில் தெரியல என்று சொல்லியிருந்தால் என் அப்பா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு பாக்கு வெற்றிலை மாற்றியிருப்பார். அதுதான் நடந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். தெரியல என்று சொல்வதற்கு நல்ல மூளை வேண்டும் என்று நினைக்கிறார்கள். வசதி வேண்டும். பின்னால் நின்று சிரிக்கிற அப்பா வேண்டும்.

எம்.எஸ்சி. முடித்து இரண்டு பேரும் வெளியூரில் ஒரே பேராசிரியரிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தோம். நட்சத்திரங்களின் ஒளியைப் பிரித்து அதில் என்னென்ன இருக்கிறது என்று பார்க்கிற வேலை. மலைமேல் இருக்கும் தொலைநோக்கியிலிருந்து ஒளிப்பதிவு வரும். நட்சத்திரத்தில் கோடுகள் கறுப்பாக விழும், ஆனால் அதே இடங்களில்தான் விழும். நட்சத்திரத்தை யாரும் தொட்டுப் பார்த்ததில்லை. அதில் இரும்பு இருக்கிறது, சோடியம் இருக்கிறது என்று சொல்வதெல்லாம் பூமியில் யாரோ அளந்துவைத்த அந்த அட்டவணையை நம்பித்தான். அட்டவணையில் இரண்டு விஷயம் இருக்கும். கோடு எந்த இடத்தில் வரும் என்பது ஒன்று, எவ்வளவு பலமாக வரும் என்பது இன்னொன்று. முதலாவதை நிறைய அளந்திருக்கிறார்கள். இரண்டாவது பல தனிமங்களுக்கு அளக்கப்படவே இல்லை. கிடப்பதெல்லாம் உத்தேச எண்கள்தான்.

எங்கள் பேராசிரியரின் ஆய்வறையில் ஒரு வழக்கம் இருந்தது. நட்சத்திரத்தின் கோடுகளை நீளக் காகிதத்தில் அச்சடித்து நடைச் சுவர் நெடுக ஒட்டிவிடவேண்டும். ஒவ்வொரு கோட்டின் தலையிலும் அது என்ன தனிமம் என்று நாம் பென்சிலில் எழுதவேண்டும். பிறகு அறையில் இன்னொருத்தர் வந்து ஒவ்வொன்றையும் சரிபார்த்து, ஒப்புக்கொண்டால் பென்சில் எழுத்தின்மேல் மை போடவேண்டும். தன் கோட்டுக்குத் தானே மை போடக் கூடாது. எல்லாக் கோட்டுக்கும் மை விழுந்த பிறகுதான் கட்டுரை வெளியே போகும். யார் வேண்டுமானாலும் மை போடலாம் என்பதுதான் விதி. ஒரு வருஷத்துக்குள் எல்லாரும் அவளிடம்தான் போனார்கள். அவள் போட்ட மையைப் பேராசிரியர் திரும்பிப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவார். என்னிடம் யாரும் வரவில்லை. நான் வேகமாகப் போட்டுக்கொடுப்பேன், ஒரு மத்தியானத்தில் முடித்துவிடுவேன். அதனால்தான் வரவில்லை என்று பிறகு ஒருத்தன் சொன்னான்.

அப்போதுதான் எனக்கு அந்த நட்சத்திரம் கிடைத்தது.

வயசான நட்சத்திரம், வீங்கிச் சிவந்தது. சீரியம் போன்ற கனமான தனிமங்கள் அதில் ஏராளம். சிவப்புப் பகுதியில் ஒரு கோடு தெளிவாக விழுந்திருந்தது. அட்டவணையைப் பார்த்தால் அந்த இடத்தில் லித்தியம். வயசான நட்சத்திரத்தில் லித்தியம் இருக்கக் கூடாது. அது சீக்கிரம் வெந்து தீர்ந்துபோகிற தனிமம். அது இன்னும் மிச்சம் இருக்கிறது என்றால், எப்படி வந்தது என்று உலகமே கேட்கும். அப்படிப்பட்ட கட்டுரையை யாரும் கவனிக்காமல் போகமாட்டார்கள்.

எனக்கு அந்தக் கட்டுரை வெறும் கட்டுரை இல்லை. வெளிநாட்டில் ஓர் ஆய்வு இடத்துக்கு விண்ணப்பித்திருந்தேன். நல்ல கட்டுரை ஒன்று இருந்தால் எடுத்துக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். வீட்டில் அந்த வருஷம் மழை இல்லை. காட்டில் போட்ட உளுந்து முளைத்துக் கருகிவிட்டது. தங்கைக்கு வரன் வந்துகொண்டிருந்தது, மூத்தவள் நான் இருக்கும்போது எப்படி முடிப்பார்கள்? அப்பா போனில் சொல்லிவிட்டார். "எம்மா, இந்தத் தை வரைக்கும் பாக்கேன். அதுக்குள்ள உனக்கு ஒரு வழி பொறந்தா நல்லது. இல்லைன்னா நான் சொல்லுத எடத்துல கழுத்த நீட்டிரு." திட்டவில்லை. கெஞ்சினார். திட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

கோட்டின் தலையில் பென்சிலால் லித்தியம் என்று எழுதினேன். அவளைக் கூப்பிட்டேன். அவள் காகிதத்தின் ஒரு முனையில் ஆரம்பித்து ஒவ்வொரு கோடாக மை போட்டுக்கொண்டே வந்தாள். நாள்கணக்கில் வந்தாள். இரும்பு, டைட்டானியம், கால்சியம், எல்லாவற்றுக்கும் போட்டாள். என் கோட்டுக்கு வந்ததும் நின்றாள். அதைத் தாண்டிப்போய் மிச்சத்துக்கும் மை போட்டு முடித்தாள். அது ஒன்று மட்டும் பென்சிலிலேயே நின்றது.

"என்னட்டி?"

"கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி விழுந்திருக்கு. லித்தியம் இடம் இங்கன வரணும். உன்னது முடி அளவு தள்ளி நிக்கி."

"முடி அளவுதான? நட்சத்திரம் கொதிக்குதுட்டி. அந்த அளவு தள்ளாதா?"

"அப்படின்னா இரும்புக் கோடெல்லாமும் தள்ளணும். அது அதது எடத்துல நிக்கே."

"அப்ப லித்தியம் இல்லைன்னு சொல்லுதியா?"

"இல்லைன்னு சொல்லல."

"இருக்குன்னு சொல்லு."

"அதுவும் சொல்ல முடியல. தள்ளி விழுந்த எடத்துல சீரியம் கோடு ஒண்ணு இருக்கு, பாரு. ஆனா அது எவ்வளவு பலமுன்னு ஒருத்தரும் அளந்து வைக்கல. பலமா இருந்தா இது முழுக்கச் சீரியம். இல்லைன்னா லித்தியம். அளக்காம எப்படிட்டி சொல்ல?"

"துணைக்கோடு?"

"லித்தியத்துக்கு இன்னொரு கோடு இருக்கு, ஆனா ரொம்பச் சன்னம். உன் பதிவுல அந்த எடம் ஒரே இரைச்சலா, கிறுக்கலா இருக்கு. அதையும் வச்சுச் சொல்ல முடியாது."

பேராசிரியரிடம் ஓடினேன். அவர் பார்த்தார். "லித்தியம் மாதிரித்தான் இருக்கும்மா" என்றார். பிறகு காகிதத்தை இன்னொருமுறை பார்த்தார். "இந்த ஒண்ணுக்கு மட்டும் ஏன் மை போடலை? அந்தப் பிள்ளை போடட்டும், உடனே அனுப்பிடலாம்." அவருக்கு என் கண் போதவில்லை. தன் கண்ணும் போதவில்லை. அவள் மை வேண்டியிருந்தது. இன்னொருத்தனிடம் போனேன். "அவ போடாத கோட்டுக்கு நான் எப்படிங்க போட?" என்று கையை எடுத்துக் கும்பிட்டான்.

திரும்பவும் அவளிடம் வந்தேன். வீட்டு நிலைமையைச் சொன்னேன். எல்லாம் அவளுக்கு ஏற்கெனவே தெரியும். என் அப்பாவை அவளுக்குத் தெரியும், கருகின காட்டை அவள் பார்த்திருக்கிறாள். நான் சொல்லச் சொல்ல அவள் கண் கலங்கியது. எனக்காக அவள் அழுதாள், அது பொய் இல்லை. அழுதுகொண்டே, "தெரியலைல்லாட்டி" என்றாள். மைப் பேனாவை எடுக்கவே இல்லை.

கட்டுரை அந்தக் கோடு இல்லாமல் போனது. 'அடையாளம் காணப்படாத கோடு ஒன்று' என்று ஒரு மூலையில் போட்டார்கள். இரும்பும் டைட்டானியமும் இருக்கிற நட்சத்திரம் யாருக்கு வேண்டும்? எனக்கு இடம் கிடைக்கவில்லை. தை வந்தது. அப்பா சொன்ன இடத்தில் கழுத்தை நீட்டினேன். என் வீட்டுக்காரர் நல்ல மனுஷர், அதைக் குறை சொல்லவில்லை. அதன் பிறகு நான் செய்த தவறு அவள் எங்கே போனாள் என்று விசாரித்தது.

அவள் வெளிநாட்டுக்குப் போயிருந்தாள். எதற்குத் தெரியுமா? சீரியத்தின் கோடுகள் எவ்வளவு பலம் என்று ஆய்வகத்தில் அளப்பதற்கு. நான் விண்ணப்பித்தது நட்சத்திரத்தைப் பார்க்க, அவள் விண்ணப்பித்தது அட்டவணையில் அளக்காமல் கிடப்பதை அளக்க. தன் விண்ணப்பத்தில் என் கோட்டைத்தான் எடுத்துக்காட்டாக எழுதியிருந்தாள். என் பெயரும் போட்டிருந்தாள். முன்கூட்டியே என்னிடம் கேட்டும் இருந்தாள். கல்யாண வேலைக்கு நடுவில், எழுதிக்கோ என்று நானும் சொல்லியிருந்தேன். அவள் திருடவில்லை. திருடியிருந்தால் ஊர் முழுக்கச் சொல்லித் திட்டியிருப்பேன். என் கண் முன்னால், என்னிடம் கேட்டு, என் கோட்டைப் பிடித்துக்கொண்டே கரையேறினாள். நான் எந்தக் கோட்டுக்குப் பெயர் வைக்க ஆசைப்பட்டேனோ அதைத் தெரியாது என்று சொன்னதற்கு அவளுக்கு வேலை கொடுத்தார்கள்.

பின்னால் வேறொரு குழு அதே நட்சத்திரத்தைப் பார்த்து லித்தியம் என்று கட்டுரை போட்டது. பெரிதாகப் பேசினார்கள். என் மகனுக்கு இட்லி ஊட்டிக்கொண்டே போனில் அதைப் படித்தேன். ஊட்டின கையை உதறினேன். பிள்ளை பயந்து அழுதான்.

அவளுக்குப் போன் போட்டேன். "படிச்சியா? லித்தியமாம்லா."

"படிச்சேன்."

"இப்ப என்ன சொல்லுத?"

"நான் இன்னும் அளந்து முடிக்கலட்டி."

வருஷக்கணக்கில் அளந்தாள். ஒரு கோட்டுக்காக அந்தத் தனிமத்தின் எத்தனையோ கோடுகளை அளந்தாள். கடைசியில் ஒருநாள் அவளே கூப்பிட்டாள். அந்தச் சீரியக் கோடு பலமானதுதான். யாரும் நினைத்ததைவிடப் பலம். என் நட்சத்திரத்தில் விழுந்த அந்தக் கறுப்புக் கோடு முழுக்கச் சீரியம் தானாகவே போட்டது. லித்தியம் தேவையே இல்லை. மற்றக் குழு திருத்தம் வெளியிட்டது. இப்போது உலகத்தில் எவர் அந்த மாதிரி நட்சத்திரத்தைப் பார்த்தாலும் அவள் எண்ணை எடுத்துப் போட்டுத்தான் கணக்குப் பார்க்கிறார்கள்.

"ஏட்டி, நீ அன்னைக்கு விட்டது சரிட்டி" என்று போனில் குதித்தாள். "அவிய மாதிரி நீயும் போட்டிருந்தா இப்ப திருத்தம் எழுதிக்கிட்டு இருப்ப."

நான் எங்கே விட்டேன்? விடவைத்தாள். அதுவும் போகட்டும். அந்தக் குழுவுக்குத் தப்பாகவாவது ஒரு பெயர் கிடைத்தது. முதலில் லித்தியம் என்று சொன்னவர்கள் என்று அவர்களைச் சொல்வார்கள். அவளுக்குச் சீரியத்தில் பெயர் இருக்கிறது. சரியாக ஒன்றுமே சொல்லாமல் விட்டவள் என்று எனக்கு யார் பெயர் வைப்பார்கள்? அவள் கட்டுரையின் கடைசியில் நன்றி என்று என் பெயர் இருக்கிறது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

போன மாதம் ஊருக்கு வந்தாள். எங்கள் பள்ளித் தாளாளருக்குச் செய்தி தெரிந்து, பிள்ளைகளிடம் பேச வரச்சொல்லிக் கூப்பிட்டுவிட்டார். என்னை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். அதே எண்ணெய்த் தலைதான், கொஞ்சம் நரைத்திருந்தது. பென்சில் மட்டும் இல்லை. பேசி முடித்ததும் பிள்ளைகள் கேள்வி கேட்டார்கள்.

"மேடம், வேற கிரகத்துல ஆள் இருக்காங்களா?"

"தெரியாது."

"பிரபஞ்சத்துக்கு முடிவு இருக்கா?"

"அதுவும் தெரியாது. அது என் வேலையில்ல, கேட்டுச் சொல்லவேணும்னா சொல்லுதேன்."

"நீங்க அளந்ததால என்ன பிரயோஜனம்?"

"இனிமே அந்தக் கோட்டைப் பாத்து யாரும் ஏமாறமாட்டாங்க. வேற பிரயோஜனம் இருக்கா இல்லையான்னு தெரியாது."

பிள்ளைகள் கைதட்டினார்கள். தாளாளர் எழுந்து நின்று கைதட்டினார். இதே தாளாளர்தான், நான் ஒரு பையன் கேட்ட கேள்விக்கு, நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்று சொன்னதற்கு என்னை அறைக்குக் கூப்பிட்டு, "மிஸ், பீஸ் கட்டுறவங்க கேட்டா நாம என்ன சொல்ல?" என்று கேட்டவர். தெரியாது என்ற வார்த்தை ஒரே வார்த்தைதான். அவள் வாயில் இருந்தால் படிப்பு, என் வாயில் இருந்தால் குறை.

கூட்டம் முடிந்து பள்ளி வாசலிலிருந்து மெயின் ரோடு வரை அவளோடு நடந்தேன். வெயில் கொளுத்தியது. ஆட்டோ வரும்வரை ஒரு வேப்பமரத்தடியில் நின்றோம். அவள் என் மகன் என்ன படிக்கிறான், என் தங்கைக்கு எத்தனை பிள்ளைகள் என்று எல்லாம் கேட்டாள். பெயர் மறக்காமல் கேட்டாள். எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. இத்தனை வருஷமாக நான் கேட்க நினைத்தது ஒன்றே ஒன்றுதான்.

"ஒண்ணு கேக்கேன், மறைக்காமச் சொல்லு."

"கேளு."

"என் எடத்துல நீ இருந்தா? உங்கப்பாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸ் இல்ல. காடு கருகிக் கெடக்கு. தங்கச்சி வீட்டுல நிக்கா. தைக்குள்ள ஒண்ணும் ஆகலைன்னா எல்லாம் முடிஞ்சு போச்சு. அப்ப அந்தக் கோட்ட நீ பென்சில்லயே விட்டிருப்பியா?"

நான் காத்துக்கொண்டு நின்றேன். விட்டிருப்பேன் என்று சொன்னால் சண்டை போடலாம். விட்டிருக்கமாட்டேன் என்று சொன்னால், இத்தனை வருஷம் நெஞ்சில் கிடந்த கல் இறங்கிவிடும். இரண்டில் எது வந்தாலும் எனக்குப் போதும்.

"தெரியலட்டி," என்றாள்.

"இதுக்குமா?"

"நான் அப்படி ஒரு நெலைமையில ஒரு நாளுகூட இருந்ததில்லையே. என்னத்த வச்சுச் சொல்ல?"

"பொய்யாவது சொல்லேன்ட்டி! ஒரு தடவ, எனக்காக! விட்டிருக்கமாட்டேன்னு சொல்லு. உனக்கு என்ன நஷ்டம்?"

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ இத்தன வருஷமா இதத்தான் நெனச்சுக்கிட்டு இருந்தியா?"

ஆட்டோ வந்து நின்றது. அவள் ஏறி உட்கார்ந்து, டிரைவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, தலையை வெளியே நீட்டினாள்.

"யோசிச்சுச் சொல்லுதேன்," என்றாள்.

வேறு யார் அப்படிச் சொல்லியிருந்தாலும் அது வாய் வார்த்தை, அந்த முக்குத் திரும்புவதற்குள் மறந்துபோகும். இவள் நிஜமாகவே யோசிப்பாள். சமைக்கிற அந்த நல்ல மனுஷரிடம் கேட்பாள், தன் அப்பாவிடம் கேட்பாள், கருகின காடு எப்படி இருக்கும் என்று யாரையாவது பிடித்துக் கேட்பாள். எத்தனை வருஷம் ஆனாலும், தெரிந்த அன்றைக்கு எனக்குப் போன் பண்ணுவாள். அப்போது அவள் எதைச் சொன்னாலும் அது சரியாக இருக்கும்.

அன்றையிலிருந்து போன் அடித்தால் முதலில் அவள் நம்பரா என்றுதான் பார்க்கிறேன். அதை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.